ஊர் அறியச் செய்தல்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில், சாத்தனூர் அணைக்குக் கீழே, திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குச் செல்லும் சாலை ஆற்றைக் கடக்கின்ற இடத்தில் அமைந்திருக்கும் மூங்கில்துறைப்பட்டு, கரும்பு வயல்களும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ஆற்றுநீரும் சேர்ந்து வாழ்வளித்து வந்திருக்கின்ற ஊராகும். 1958இல் கட்டி முடிக்கப்பட்டு, 119 அடி உயரத்துக்கு 7,321 மில்லியன் கனஅடி நீரைத் தேக்கும் வலிமை பெற்றுள்ள அந்த அணையின் கதவுகள் திறக்கப்படும்போதெல்லாம், கரையோரத்து ஊர்கள் அந்த விஷயத்தை எப்போது, யார் வாயிலாக, எந்த வார்த்தைகளில் அறிந்துகொள்கின்றன என்பது உயிரைப் பற்றிய பிரச்சினையாகவே இருந்து வருகிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், உள்நாட்டை நோக்கி மெல்ல நகர்ந்து, வட மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியதன் விளைவாக, டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1,68,000 கனஅடி நீர் வெளியேற்றப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஆற்றங்கரை ஊர்கள் அந்த வெள்ளத்தின் வேகத்தைத் தாங்க நேர்ந்தது. திறந்துவைத்துச் சில மாதங்களே ஆகியிருந்த அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் பாலமும் அடித்துச் செல்லப்பட்டது.

அதன் பின்னர் எழுந்த விவாதம் இரண்டு வாக்கியங்களைச் சுற்றியே நிகழ்ந்தது. ஐந்து முறை வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டது, நீரும் படிப்படியாகவே கூட்டப்பட்டது என்று அரசாங்கம் கூறிற்று. முன்னறிவிப்பின்றி அணை திறக்கப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் கூறின. இவ்விரண்டில் எது உண்மை என்று தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டும் ஏககாலத்தில் உண்மையாக இருக்கக்கூடும் என்பதும், ஓர் எச்சரிக்கை முறைப்படி விடுக்கப்பட்டபோதிலும் எவர் பொருட்டு விடுக்கப்பட்டதோ அவரிடம் சென்று சேராமலே போய்விடக்கூடும் என்பதும்தான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயம். நீர்வளத் துறையிலிருந்து மாவட்ட ஆட்சியருக்கும், அவரிடமிருந்து வட்டாட்சியருக்கும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், தலையாரி என்று இறங்கி வருகின்ற செய்தி, ஒவ்வொரு படியிலும் அனுப்பியதற்கான சான்றைப் பெற்றுக்கொள்கிறதேயன்றி, பெற்றவர் புரிந்துகொண்டாரா என்பதற்கான சான்றை எந்தப் படியிலும் பெறுவதில்லை. ‘வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி’ என்பது பொறியாளருக்குப் பூரணமான செய்தி. ஆற்றை ஒட்டிய தெருவில் கன்றுக்குட்டியையும் நெல்மூட்டையையும் வைத்துக்கொண்டிருக்கும் பெண்மணிக்கோ அது வெறும் எண்ணாகவே நின்றுவிடுகிறது. தண்ணீர் எந்தத் தெரு வரை ஏறும், எத்தனை மணிக்குள் ஏறும், மாட்டை அவிழ்த்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, போனால் அங்கே சாவி யாரிடம் இருக்கிறது என்பவையே அவருக்குச் செய்தி.

அந்த எண்ணைத் தெருவின் பாஷைக்கு மாற்றித் தரக்கூடிய ஸ்தானத்தில் இருப்பவர் யார் என்று பார்ப்போமானால், நமது ஆட்சியமைப்பின் மிகத் தாழ்ந்த படியில், எவராலும் அதிகம் பொருட்படுத்தப்படாமல் நிற்கின்ற கிராம ஊராட்சி வார்டு உறுப்பினரிடமே வந்து சேர்வோம். ஆட்சியர் மாற்றலாகிப் போகிறார். வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பல ஊராட்சிகள். கிராம நிர்வாக அலுவலர் வேற்றூர்க்காரராக இருக்கலாம். வார்டு உறுப்பினர் ஒருவரே தாம் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டுமோ அவர்களிடையே வசிக்கிறவர். சொல்லத் தவறினால் மறுநாள் காலை தேநீர்க்கடையில் அவர்களுடைய முகத்தைப் பார்த்தாக வேண்டியவர். சொன்னது பிழையாயின் அந்த இடத்திலேயே திருத்தப்படக்கூடியவர். செய்தி சொல்பவரைக் கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியும் என்கிற இந்த நிலைமையே, அறிவிப்பை அறிவாக மாற்றுகின்ற சாதனம் என்று நான் கருதுகிறேன். அத்தகைய சாதனத்தை இயற்கையாகவே பெற்றிருக்கும் ஒரு பதவிக்கு, மக்களுக்குச் செய்தி சொல்வதைக் கடமையாகவும் வகுக்காமல், அதற்கான சபையையும் அளிக்காமல் நமது சட்டம் இத்தனை காலம் விட்டுவைத்திருப்பது பெருங்குறையாகும்.

உள்ளாட்சித் தேர்தலில் ஒரு கிராமத்து வாக்காளர் நான்கு வாக்குகளைப் பதிவு செய்கிறார்: மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள் சீட்டு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. முதலிரண்டும் கட்சிச் சின்னங்களில் நடப்பவை. பின்னிரண்டும் கட்சி சார்பற்றவை. ஆகவே வெள்ளைச் சீட்டில் வெற்றி பெறுகிறவருக்குப் பின்னால் கட்சி அலுவலகம் இல்லை, சம்பளம் இல்லை, சொல்லத்தக்க அமர்வுப்படியும் இல்லை. காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் தலைவருக்கும் துணைத் தலைவருக்குமே உரியது. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஒருநாள் கழிந்த பிறகு, மற்ற உறுப்பினர்களின் முக்கியத்துவமும் பெரும்பாலும் அத்துடன் கழிந்துவிடுவதைக் காண்கிறோம். எனினும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இரண்டு நாளாகத் தண்ணீர் விடவில்லை என்றாலும், முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது என்றாலும், ஜனங்கள் முதலில் தட்டுவது அவருடைய கதவைத்தான். கேள்விகள் எல்லாம் அவரிடம் வருகின்றன. விடைகளோ ஊராட்சிச் செயலரின் கோப்பிலும் ஒன்றிய அலுவலகத்தின் கணினியிலும் அடைபட்டுக் கிடக்கின்றன.

ஊரார்க்கு ஊர்விஷயத்தை அறிவிப்பது ஆட்சியின் அங்கம் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இந்திர விழா தொடங்குவதைப் புகார் நகரத்துக்கு முரசறைந்து தெரிவிக்கும் செயலுக்கென்றே மணிமேகலைக் காப்பியம் தனது முதற்காதையை ஒதுக்கி, அதற்கு விழாவறை காதை என்று பெயரும் சூட்டியிருக்கிறது. சோழர் காலத்து ஊர்ச்சபைகள் பறையறைந்தும் காளம் ஊதியும் கூட்டப்பட்டமையைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்ச் சாசனங்களைக் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரும்பாலோர் நினைவுகூர்கின்றனர். எனக்கோ அவற்றில் தேர்தலைக் காட்டிலும் விசேஷமாகத் தோன்றுவது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடப்படத் தகுதியற்றவர் என்று வகுத்திருக்கும் விதியாகும். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவதும், எதுவும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பிப்பதும், பெயரைச் சபையறிய வாசிப்பதுமாகிய அந்த நடைமுறையில், காரியம் நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது, நேர்மையாக நடந்ததை ஊர் கண்ணால் காணவும் வேண்டும் என்ற தெளிவு இருந்தது. அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபையே என்பதையும், உழுதவர்க்கும் பறையறைந்தவர்க்கும் அதில் இடமிருக்கவில்லை என்பதையும் மறைத்துவிட்டு அதனைக் கொண்டாடுவது சரித்திரத்துக்குச் செய்யும் நியாயமாகாது.

பறையறைந்தவர்க்குச் சபையில் இடமளிக்காத அந்த அநியாயத்தின் எச்சம் நமது நாட்கள் வரையிலும் நீடித்தது. வரி கட்ட வேண்டிய கெடு, ஏலம், மின்தடை, கூழ் ஊற்றும் நாள் என எல்லாவற்றையும் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுச் சொல்லும் வேலை, ஒரு சமூகத்தின் மீதே தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டிருந்தது. செய்தியைச் சுமந்து வந்தவர், அச்செய்தியை முடிவு செய்த கூட்டத்தில் அமர இயலாதவராக இருந்தார். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு, வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். மனித கௌரவத்தை முன்னிட்டுச் செய்யப்பட்ட அந்த மாறுதல் முற்றிலும் வரவேற்கத்தக்கது. தாமதமாக வந்தது என்பதொன்றே அதன் குறை. ஆனால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருமுனையைத் தாண்டிச் சென்றபின், சொல்லப்பட்டதில் ஒரு சந்தேகம் எழுந்தால் யாரைக் கேட்பது என்ற வினா, தண்டோரா காலத்தில் எவ்வாறு விடையின்றி இருந்ததோ அவ்வாறே இன்றும் இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்து ஸ்தல ஸ்தாபனங்களைப் பற்றி இங்கே அதிகம் கூற வேண்டியதில்லை. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானம், அதைத் தொடர்ந்து 1884இல் வந்த சென்னை ஸ்தல போர்டுகள் சட்டம், 1920ஆம் ஆண்டின் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் ஆகியவை பிரதிநிதிகள் அமரும் இடங்களைப் படிப்படியாக உண்டாக்கின. அப்பிரதிநிதிகள் திரும்பி வந்து தம்மை அனுப்பியவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி அவை கவலை கொள்ளவில்லை. அந்தக் கவலை சட்டத்தின் அந்தஸ்தைப் பெற்றது 1993 ஏப்ரல் 24ஆம் தேதி அமலுக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால்தான். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அங்கத்தினராக அமையும் கிராம சபை, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இடம்பெற்றது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22ஆம் நாளும், உள்ளாட்சி தினமாகிய நவம்பர் 1ஆம் நாளும் பின்னர் சேர்க்கப்பட்டு, இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை ஜனத்தொகையுள்ள ஊராட்சியில் 200 பேரும், அதற்கும் மேற்பட்டால் 300 பேரும் வந்தாலன்றிக் கூட்டம் நிறைவெண் பெறாது.

கூட்டம் நடக்கும் முறையை நன்கறிந்தவர்கள், அதன் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே அறிவார்கள். வரவு செலவு பிளக்ஸில் அச்சிட்டுத் தொங்கவிடப்படுகிறது. அரசு அனுப்பிய பொருள்களின் பட்டியல் வாசிக்கப்படுகிறது. தீர்மானப் புத்தகத்தில் கையொப்பம் வாங்கப்படுகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் வெயிலில் அமர்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், ஒரு தெருவின் வாய்க்கால் ஏன் பாதியில் நின்றுபோயிற்று என்று கேட்க எழுகின்ற பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம். மாநில நிதி ஆணைய மானியமாக வந்தது இவ்வளவு, மின்கட்டணத்துக்குப் போனது இவ்வளவு என்று பிளக்ஸில் ஊர் முழுமைக்குமாகக் கூட்டிக் காட்டப்படும் தொகையில், தன் தெருவின் பங்கு எது என்பதை அவர் காண வழியில்லை. வார்டுவாரியாகப் பிரித்துக் காட்டப்படாத கணக்கு, காட்டப்பட்ட கணக்காகத் தோற்றமளித்துக்கொண்டே காட்டப்படாததாக நிலைத்துவிடுகிறது. அந்தச் சபையில் வார்டு உறுப்பினருக்குத் தனியே ஒரு பாத்திரமும் வகுக்கப்படவில்லை. தலைவர் மேடையில் இருக்கிறார், உறுப்பினர் கூட்டத்தில் ஒருவராக நிற்கிறார்.

வார்டு உறுப்பினரே இல்லாமற்போனால் ஒரு பிரதேசம் எதை இழக்கிறது என்பதைக் கள்ளக்குறிச்சிச் சீமை தனது சொந்த அனுபவத்தால் அறிந்திருக்கிறது. முந்தைய உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவுற்றது. தேர்தல் வழக்குகளில் சிக்கித் தள்ளிப்போயிற்று; தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நிர்வகித்தனர். 2019 டிசம்பரில் மாநிலத்தின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்டவையும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாகிய ஒன்பது மாவட்டங்கள் விலக்கி வைக்கப்பட்டன. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26ஆம் தேதி உதயமான கள்ளக்குறிச்சி அவற்றுள் ஒன்று. அங்கே வாக்குப்பதிவு நடைபெற்றது 2021 அக்டோபர் 6, 9 ஆகிய தேதிகளில்தான். இவ்வாறாக, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், அதாவது ஒரு முழுப் பதவிக்காலம், மூங்கில்துறைப்பட்டிலும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி எவரும் இருக்கவில்லை.

அந்த ஐந்து ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மாவட்டமே மாறிற்று, மனுவோடு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கள், இனி எந்த விஷயத்துக்குக் கள்ளக்குறிச்சிக்குப் போவது, எது இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அதன்பின் கொரோனா வந்தது. ஊரடங்கு விதிகள் வாரந்தோறும் மாறின. எந்தத் தெரு அடைக்கப்பட்டது, நிவாரணம் எந்தக் கடையில் எந்தத் தேதியில், தடுப்பூசி எங்கே என்று வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட செய்திகள் நாள்தோறும் வந்தன. 2020 அக்டோபர் 2ஆம் தேதிக்குரிய கிராம சபைகளும் நோய்த்தொற்றை முன்னிட்டு ரத்து செய்யப்பட்டன. செய்தி மிக அதிகமாகத் தேவைப்பட்ட சந்தர்ப்பத்தில், செய்தியின் கடைசிப் படி காலியாக இருந்தது. தனி அலுவலர்கள் சிரத்தையோடு உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒருவரே பல ஊராட்சிகளைப் பார்க்கும் அமைப்பில், எத்துணைச் சிரத்தையும் ஒவ்வொரு தெருவின் வாசலையும் எட்டாது.

இனி, இக்குறைக்கு மாற்று எங்கே இருக்கிறது என்று பார்க்கப் புகுந்தால், தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம்முடன் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் கேரளம், 1994ஆம் ஆண்டின் தனது பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில், ஒவ்வொரு வார்டின் வாக்காளர்களையுமே ஒரு கிராம சபையாக அமைத்தது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் அதைக் கூட்டும் பொறுப்பை அந்த வார்டின் உறுப்பினருக்கே அளித்தது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தபோது, அந்தப் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கான இடம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. அங்கே உறுப்பினர் சபையைக் கூட்டுகிறவராக இருப்பதனாலேயே, கூட்டுவதற்கு முன் செய்திகளைச் சேகரித்து வைத்துக்கொள்ளும் அவசியம் அவருக்கு ஏற்படுகிறது. கடமை திறமையை உண்டாக்குகிறது.

தமிழ்நாட்டு நகரங்களுக்கும் இதற்கு நிகரான ஏற்பாடு வந்துவிட்டது. 2022இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, நகர்ப்புற வார்டு ஒவ்வொன்றுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், வார்டின் உட்பகுதிகளுக்குப் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று அவை கூடியபோது, தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் முதலமைச்சரே ஒரு பகுதி சபையில் கலந்துகொண்டார். பகுதி சபைகள் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி உயிர்ப்போடு நடக்கவில்லை என்பது கண்கூடு. ஆயினும் பம்மல்வாசி தனது கவுன்சிலரை முகத்துக்கு முகம் கேள்வி கேட்க ஒரு சட்டபூர்வமான மேடை உண்டு. மூங்கில்துறைப்பட்டுவாசிக்கு அது இல்லை. கிராமமென்றால் எல்லோருக்கும் எல்லாம் தானாகவே தெரிந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இந்த வேற்றுமைக்குக் காரணமாயிருக்கலாம். ஊருக்கும் காலனிக்கும் இடையே சாலை மட்டுமன்றிச் சொல்லும் துண்டிக்கப்பட்டிருக்கும் ஒரு சமூகத்தில், அந்த நம்பிக்கைக்கு ஆதாரமேயில்லை.

காகிதத்தில் இருப்பது மக்கள் முன்னிலையில் வாசிக்கப்படும்போது என்ன நிகழ்கிறது என்பதை இந்தியாவுக்கு உணர்த்தியவர்கள் ராஜஸ்தானத்து ஏழை உழைப்பாளிகள். அருணா ராய் முதலியோர் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில், பஞ்ச நிவாரண வேலைகளின் வருகைப் பதிவேடுகளை அவற்றில் பெயர் எழுதப்பட்டிருந்தவர்களின் முன்னாலேயே உரக்க வாசித்தது. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி பெறப்பட்டிருந்ததை, அந்தப் பெயருக்குரியவர்கள் எழுந்து நின்று சாட்சியம் சொன்னார்கள். அந்த வாசிப்பிலிருந்து வளர்ந்த இயக்கமே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போய் முடிந்தது. 1997இலேயே இத்தகைய சட்டத்தை இந்திய மாநிலங்களுள் முதலாவதாக இயற்றிய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. ஆனால் விலக்குகள் மலிந்த அந்தச் சட்டத்துக்குப் பின்னால் கோட் கிரானாவைப் போன்ற ஒரு மக்கள் அனுபவம் இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, எவரும் மனுப் போடுவதற்கு முன்பே அலுவலகங்கள் தாமாகத் தகவல்களை வெளியிட வேண்டுமென்று கட்டளையிடுகிறது. ஊராட்சி விஷயத்தில் அந்தக் கட்டளையைத் தெருவளவில் நிறைவேற்றத்தக்கவர் வார்டு உறுப்பினரன்றி வேறு யார்?

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ரங்கசாமி இளங்கோவின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. கழிவுநீர்க் கால்வாய் கட்டியதில் விதிமீறல் என்று குற்றம் சாட்டப்பட்டுப் பதவியிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்ட அவர், விஷயத்தைக் கிராம சபையின் முன் கொண்டுபோனார். செலவின் விவரத்தை முன்பே அறிந்திருந்த ஊர் அவருக்காகப் பேசிற்று. அவர் பதவிக்குத் திரும்பினார். மக்களுக்குச் செய்தி சொல்லி வைத்திருப்பது மக்களுக்கு மட்டும் நன்மையன்று, நேர்மையான பிரதிநிதிக்கு அதைவிடச் சிறந்த கவசமும் இல்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மூங்கில்துறைப்பட்டைப் போன்ற ஊரில் செய்தியின் பொருளாதார மதிப்பு எத்தகையது என்பதை அங்குள்ள கரும்பு விவசாயி யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி–1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பைப் பதிவு செய்தவர், வெட்டு உத்தரவு எந்தத் தேதியில் வரும், வெட்டும் ஆட்கள் எப்போது கிடைப்பர், ஆலையில் அரவை நிற்கிறதா நடக்கிறதா என்பவற்றை அறியாமல் ஒரு நாளைத் தவறவிட்டாலும், கரும்பின் எடையும் சத்தும் குறைந்து, நஷ்டம் அவருடையதாகிறது. நிலுவைத் தொகை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர் வட்டிக் கடனை அதற்கேற்ப வாங்குகிறார். தெரியாதவர் கேட்ட வட்டிக்கு வாங்குகிறார். ஆலை ஊராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பது மெய்யே. ஆயினும் வார்டு உறுப்பினரிடம் வந்து கேட்கிறவர், இது எந்தத் துறைக்குரியது என்று பிரித்துப் பார்த்துக் கேட்பதில்லை. சரியான வாசலைக் காட்டிவிடுவதே பாதி உதவி.

மேற்கே கல்வராயன் மலையில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. பரம்பரை ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து 1976இல்தான் அம்மலை முழுமையாக அரசாங்க நிர்வாகத்தின் கீழ் வந்தது. 2024இல் கள்ளச்சாராயச் சாவுகள் கள்ளக்குறிச்சியை உலுக்கியபின், சென்னை உயர் நீதிமன்றம் அம்மலைவாசிகளின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாமையால், பழங்குடிப் பிரதேசங்களில் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தனிச் சபையை வழங்கும் 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் அங்கே செல்லுபடியாகாது. மலைச்சரிவுகளில் சிதறிக்கிடக்கும் பல குடியிருப்புகள் சேர்ந்தே ஓர் ஊராட்சியாகின்றன. கிராம சபை நடக்கும் இடத்துக்கு நடந்து வந்து திரும்பவே ஒரு நாள் கூலி போய்விடும் நிலையில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி நிலத்துக்கு மனுச் செய்ய எந்தச் சான்று போதும், எந்தப் படிவம், நிராகரிக்கப்பட்டால் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு என்பது, அறிந்தவர் ஒருவர் தன் குடியிருப்பிலேயே இருந்தாலன்றி மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றுக்குத் தெரிய வருவதில்லை. தெரியாத உரிமை காலங்கடந்து போகிறது.

இக்காலத்தில் பல உறுப்பினர்கள் தம் வார்டுக்கென்று வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விடும் நேரம், முகாம் நடக்கும் நாள் ஆகியவற்றை நொடியில் பரப்பும் அச்சாதனத்தை இகழ்வது தகாது. ஆனால் அது கைபேசி உள்ளவரின் சபை. முதியவர்களும், வீட்டில் ஒரே கைபேசி இருந்து அதையும் ஆண் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடும் குடும்பத்துப் பெண்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். வதந்தியும் மெய்யும் ஒரே வேகத்தில் வருகின்றன. உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டமான பிறகு, குடிநீருக்கும் ரேஷனுக்கும் அன்றாடம் வரிசையில் நிற்கிறவர்களே உறுப்பினராகும் வாய்ப்பு உண்டாயிற்று. கணவரோ மகனோ அந்தப் பெயரில் பேசிக்கொண்டிருக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன என்றாலும், குழாயடியில் சொல்லப்படும் ஒரு செய்தி கைபேசி எட்டாத வீடுகளை எட்டுகிறது என்பதை, அத்தகைய உறுப்பினர் தாமே பேசத் தொடங்கிய தெருக்கள் அறியும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் நகர்க்கூட்டத்துக்கு முப்பது நாட்களுக்கு முன்பே, விவாதிக்கப்படும் பொருள்கள் பொதுவிடங்களில் ஒட்டப்பட வேண்டுமென்பது சட்டம். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிந்தே ஜனங்கள் வருகிறார்கள். நமது கிராம சபையிலோ கூட்டத்துக்கு வந்து அமர்ந்த பின்னரே பொருள்கள் தெரியவருகின்றன. கிராம சபைக்குப் பதினைந்து நாட்களுக்கு முன், ஒவ்வொரு வார்டிலும் உறுப்பினரின் அழைப்பில் ஒரு கூட்டம் கூடி, அந்த வார்டில் ஆன செலவும், நிலுவையிலுள்ள மனுக்களும், வரவிருக்கும் வேலைகளும் வாசிக்கப்பட்டு, எழுந்த கேள்விகள் எழுதப்பட்டுக் கிராம சபைக்கு அனுப்பப்படுமாயின், இரண்டு மணி நேரக் கூட்டமும் அர்த்தமுடையதாகும். ஆற்றங்கரை வார்டுகளில் அதே கூட்டம், இத்தனை ஆயிரம் கனஅடி வந்தால் இந்தத் தெரு, அதற்கு மேல் வந்தால் அந்தத் தெரு என்பதைப் பொறியாளரிடமிருந்து கேட்டுச் சுவரில் எழுதி வைக்கவும், நள்ளிரவில் எந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது என்பதை முன்னரே பெயர் குறித்து முடிவு செய்யவும் பயன்படும். 2021 அக்டோபரில் பொறுப்பேற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்து உறுப்பினர்களுக்குரிய ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு நிறைவுறுகிறது; அதற்கப்பால் மறுபடியும் ஓர் இடைவெளி நேருமானால், சுவரில் எழுதியதைப் படித்துக் கதவைத் தட்டுவதற்குப் பொறுப்புடைய ஆள் இல்லாமற்போகும். ஆகவே காலத்தில் தேர்தல் நடத்துவதும் இந்த ஏற்பாட்டின் பிரிக்கமுடியாத பகுதியே. இவற்றுக்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டுவதில்லை. நகரங்களின் பகுதி சபைகள் மாநில அரசு இயற்றிய விதிகளாலேயே உருப்பெற்றன. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிராமத்து வார்டுகளுக்கும் அவ்வாறே விதி இயற்றலாம்.